சென்னை மேயர்கள் வரலாற்று நடை: கோட்டையிலிருந்து ரிப்பன் மாளிகை வரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைக்காரர்களோ, வெளியூரிலிருந்து வந்து தங்குபவர்களோ, யாராக இருந்தாலும் இந்த நடைக்குப் போகலாம். குறைகள் உண்டு, அதில் ஒன்று பெரிய குறை, அதைப் பற்றி நீளமாகவே எழுதப் போகிறேன். ஆனால் 400 ரூபாய் கொடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த அளவு விஷயத்தைக் காதில் வாங்கிக்கொண்டு வர முடிகிறது என்றால் அது நல்ல பேரம்தான். நகரத்தில் மரபு நடை நடத்துகிற குழுக்கள் நிறைய இருக்கின்றன. நான் போன குழுவின் பெயரை விட்டுவிட்டு, நடையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

பாதை இதுதான்: புனித ஜார்ஜ் கோட்டை, அங்கிருந்து எர்ரபாலு செட்டி தெரு, பிறகு தங்கசாலைத் தெரு ஏகாம்பரேஸ்வரர் கோயில், கடைசியாக ரிப்பன் மாளிகை. பேச்சு முழுக்க ஒரே பொருள்தான், இந்த ஊரை யார் நிர்வாகம் செய்தார்கள், யார் வரி போட்டார்கள், மேயர் என்ற பதவி எப்படி வந்தது, எப்படிப் போனது. ராஜா, கவர்னர், போர் என்று கேட்டுச் சலித்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

கோட்டைப் பகுதிதான் நடையிலேயே சிறந்த பகுதி. நடத்திய அம்மா தேதியைச் சொல்லி ஆரம்பிக்கவில்லை, வரியிலிருந்து ஆரம்பித்தார். 1680களில் கிழக்கிந்தியக் கம்பெனி, கோட்டைக்கு வெளியே நம் ஊர் ஆட்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்து மக்கள் மேல் வீட்டு வரி போட்டது, மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை, 1686-இல் கடைகளை மூடி எதிர்த்தார்கள். லண்டனில் கம்பெனியை நடத்திய ஜோசையா சைல்ட் அப்போது வேறு கணக்குப் போட்டார். நாம் மேலிருந்து வரி போட்டால்தானே எதிர்க்கிறார்கள், அவர்களிலும் சிலரை உட்கார வைத்து ஒரு சபை அமைத்து அந்தச் சபையே வரி போட்டால் மனம் ஒப்பிக் கொடுப்பார்கள் என்ற எண்ணம். அதிலிருந்து பிறந்ததுதான் 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனமும், 1688 செப்டம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த மதராஸ் மாநகராட்சியும். மக்களுக்கு உரிமை கொடுக்கலாம் என்று யாரும் நல்ல மனதோடு உட்கார்ந்து யோசித்து இது வரவில்லை, கடை அடைத்து எதிர்த்த மக்களுக்கு அதில் பங்கு உண்டு. இதை அவர் அழுத்திச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது.

முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். அவருக்குக் கீழே 12 ஆல்டர்மேன்கள் (மூத்த உறுப்பினர்கள்), 60 பர்ஜஸ்கள் (நகரப் பிரதிநிதிகள்). ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயர், போர்ச்சுக்கீசியர், யூத வணிகர்கள், நம் ஊர் வணிகர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். துறைமுக வசதியே இல்லாத, கப்பலைக் கடலில் நிறுத்திவிட்டுப் படகில் சரக்கு இறக்கிய ஊர் இது. அந்த மணல்கரையில் பணம் வைத்திருந்தவர்கள் யார் யார் என்று இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மேயர் மட்டும் ஆங்கிலேயராகத்தான் இருக்க வேண்டும். அப்போதைய கவர்னர் எலிஹு யேல், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தாரே அவர்தான், பாஸ்டனில் பிறந்தவர். ஹிக்கின்சனும் கனெக்டிகட்டில் பிறந்தவர், பின்னால் அவரே கவர்னராகவும் ஆனார். ஆல்டர்மேன்கள் சிவப்பு அங்கி போடலாம், தலைக்கு மேல் குடை பிடித்துக்கொள்ள அனுமதி உண்டு என்றெல்லாம் கம்பெனி கடிதம் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் குடை என்பது வெயிலுக்கான பொருள் மட்டும் இல்லை, அது ஒரு தகுதி. இன்றைக்கும் மேயர் பதவியேற்கும்போது அங்கியும் சங்கிலியும் செங்கோலும் வருகின்றன இல்லையா, அதன் வேர் இங்கே இருக்கிறது.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். உலகத்திலேயே லண்டனுக்கு அடுத்த பழைய மாநகராட்சி சென்னைதான் என்று நடையில் இரண்டு முறை சொன்னார்கள். இது எல்லா இடத்திலும் புழங்குகிற பேச்சு, ஆனால் அப்படியே நிற்காது. இங்கிலாந்திலேயே லண்டனைத் தவிர எத்தனையோ ஊர்களில் இடைக்காலத்திலிருந்தே மேயர்கள் இருந்தார்கள். கடல் தாண்டிப் பார்த்தாலும் நியூயார்க்கில் 1665-லேயே மேயரும் ஆல்டர்மேன்களும் வந்துவிட்டார்கள். இந்தியாவில் மிகப் பழையது என்று சொன்னால் அது உண்மை, அதுவே போதுமான பெருமை. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் மேயர் வந்தது 1726 சாசனத்துக்குப் பிறகுதான். நன்றாகப் படித்து வந்து பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் சரிபார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

அதே 1726 சாசனத்தோடு சென்னையின் மேயர் சபையும் மாறியது. ஒரு மேயர், ஒன்பது ஆல்டர்மேன்கள் என்று சுருங்கி, முக்கிய வேலை நீதிமன்றம் நடத்துவது என்று ஆகிவிட்டது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், 1749-இல் திரும்பக் கிடைத்தது, 1753-இல் புதிய சாசனம் வந்தது. 1798-இல் மேயர் நீதிமன்றத்துக்குப் பதில் ரெக்கார்டர் நீதிமன்றம் வந்தது, அதோடு மேயர் என்ற பதவியே ஊரிலிருந்து மறைந்துபோனது. மறுபடி ஒருவரை மேயர் என்று அழைத்தது 1933-இல். 130 வருஷத்துக்கும் மேலே! 1688-இலிருந்து தொடர்ச்சியாக மேயர் இருக்கும் நகரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது முதல் இடைவெளி, இன்னும் இரண்டு வரும்.

எர்ரபாலு செட்டி தெருவுக்குப் போனதும் நடை கொஞ்சம் தொய்ந்தது. ரிப்பன் மாளிகைக்கு முன்னால் நகராட்சி அலுவலகம் இந்தத் தெருவில்தான் இருந்தது. ஆனால் காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையிலும் வண்டிச் சத்தம், நடத்தியவரிடம் இருந்த சின்ன ஒலிபெருக்கி பின்வரிசைக்கு எட்டவில்லை. இருபது பேருக்கு மேல் ஒரு குழுவில் சேர்த்தால் இப்படித்தான் ஆகும். நான் முன்னால் நகர்ந்து நின்றதால் கேட்க முடிந்தது, கேட்டது நல்ல விஷயம்தான்: 1867 சட்டப்படி ஊரை 8 வட்டங்களாகப் பிரித்து 32 கமிஷனர்களை அரசாங்கமே நியமித்தது, 1878-இல் அதில் பாதிப் பேரை வரி கட்டுகிறவர்கள் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனது. வைஸ்ராய் ரிப்பன் பிரபு 1882-இல் உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்த பிறகு, தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் 24 ஆனார்கள். ஓட்டு எல்லாருக்கும் இல்லை, சொத்து வைத்து வரி கட்டுகிறவர்களுக்குத்தான். சபைக்குத் தலைவர் உண்டு, அவரையும் அரசாங்கம்தான் நியமிக்கும். அப்படி வந்த தலைவர்களில் ஒருவர் ஜார்ஜ் மூர். 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட் அவர் பெயரில் இருந்ததுதான். பழைய புத்தகம் வாங்க அங்கே அலைந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த மூர் ஒரு நகராட்சித் தலைவர் என்று தெரிந்திருக்கும்?

கோயிலில் அதிக நேரம் நிற்கவில்லை, நிற்க வைத்திருக்கலாம். தங்கசாலைத் தெரு ஏகாம்பரேஸ்வரர் கோயிலைக் கட்டியவர் ஆலங்காத்தா பிள்ளை, கம்பெனியின் வணிகர், 1688-இல் முதல் ஆல்டர்மேன்களில் ஒருவராக உட்கார்ந்தவர். கறுப்பர் நகரத்து மனிதர் ஒருவர் மாநகராட்சி சபையில் இருந்தார் என்பதற்கு ஊரில் இன்றும் வழிபாடு நடக்கிற ஒரு சாட்சி இது. தெரு வியாபாரத்தைத் தாண்டி உள்ளே நுழைந்தால் சட்டென்று ஒரு பெரிய வெளி திறக்கிறது. பத்து நிமிடத்தில் கிளப்பிவிட்டார்கள். எர்ரபாலு செட்டி தெருவில் செலவழித்த நேரத்தில் பாதியை இங்கே கொடுத்திருக்க வேண்டும்.

அப்புறம் ரிப்பன் மாளிகை. சென்ட்ரல் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள், நின்று பார்த்தவர்கள் குறைவு. பீப்பிள்ஸ் பார்க் இருந்த நிலத்தில் 1909-இல் மின்டோ பிரபு அடிக்கல் நாட்ட, 1913-இல் திறக்கப்பட்ட கட்டடம். வடிவமைத்தவர் ஹாரிஸ், கட்டியவர் லோகநாத முதலியார், செலவு ஏழரை லட்சம் ரூபாய். கடிகாரமும் மணிகளும் அப்போது வைத்தவை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெளியே நின்றபடிதான் பார்க்க முடிந்தது. மன்றக் கூடத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு அதைக் காட்டாமல் அனுப்புவது சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு இலையை எடுத்துவிடுவது மாதிரி இருக்கிறது. வேலை நாளில் முன்கூட்டியே அனுமதி கேட்டு ஒரு நடை ஏற்பாடு செய்தால் நிச்சயம் ஆள் வரும்.

மாளிகை முன்னால் பிட்டி தியாகராயர் சிலைக்குப் பக்கத்தில் நின்று சொன்ன கதைகள்தான் அன்றைக்கு எல்லாரையும் கட்டிப்போட்டன. 1919 மாநகராட்சிச் சட்டத்துக்குப் பிறகு தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கலாம் என்றானது, அப்படி வந்த முதல் ஆள் தியாகராயர். நாற்பது வருஷம் மாநகராட்சி உறுப்பினராக இருந்தவர். 1920 செப்டம்பரில் ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க மன்றம் தீர்மானம் போட்டது, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்போடு. பிறகு காமராஜர் காலத்தில் மாநிலம் முழுக்கப் பரவி, சத்துணவாகி, இன்றைக்குக் காலை உணவு வரைக்கும் வந்திருக்கிற ஒரு விஷயத்தின் முதல் அடி ஒரு நகர மன்றத்தில் எடுத்து வைக்கப்பட்டது. உள்ளாட்சி என்றால் குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என்று மட்டும் நினைக்கிறவர்கள் இந்த ஒரு தீர்மானத்தைக் கேட்க வேண்டும்.

வானொலிக் கதை இன்னும் அழகு. 1924-இல் கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று ஆரம்பித்த மதராஸ் வானொலிக் கழகம் பணமில்லாமல் 1927-இல் மூடியது. அவர்களுடைய கருவிகளை மாநகராட்சி எடுத்துக்கொண்டு, 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் மாளிகையிலிருந்தே ஒலிபரப்பியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து, மாலையில் காற்று வாங்க வந்தவர்களுக்குப் பாட்டு. 1938-இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வரும் வரைக்கும் இது நடந்தது. சொந்தமாக வானொலி நடத்திய மாநகராட்சி! இதைக் கேட்டபோது குழுவில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

1933-இல் தலைவர் பதவிக்கு மேயர் என்ற பெயர் திரும்பியது, முதல் ஆள் குமாரராஜா முத்தையா செட்டியார். வருஷத்துக்கு ஒருவர் என்று மாறிக்கொண்டே வந்த பதவி அது. 1937-இல் சிவசண்முகம் பிள்ளை, ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த முதல் மேயர், பின்னால் சட்டமன்ற சபாநாயகர். 1939-இல் சத்தியமூர்த்தி. ஒரே ஒரு வருஷப் பதவிதான், அதற்குள் ஊரின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு வழி தேடி பூண்டி நீர்த்தேக்க வேலையைத் தொடங்க வைத்தார். 1944-இல் அது முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. இன்று சத்தியமூர்த்தி சாகர் என்று சொல்கிறோம். பிறகு முதல் பெண் மேயர் தாரா செரியன், 1956-இல். 1959 தேர்தலில் 100 இடங்களில் 45 பிடித்து திமுக பெரிய கட்சியாக வந்து அ.பொ. அரசு மேயரானார். கோட்டையைப் பிடிப்பதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே அந்தக் கட்சி ரிப்பன் மாளிகைக்குள் நுழைந்துவிட்டது. இதையெல்லாம் நன்றாகவே சொன்னார்கள், நேரம் போனதே தெரியவில்லை.

இனி அந்தப் பெரிய குறை. குழுவில் வந்திருந்த ஒரு பெரியவர் கோட்டையிலேயே கேட்டார், "அது சரிம்மா, மேயருக்கு என்னதான் அதிகாரம்?" என்று. "நல்ல கேள்வி சார், கடைசியில சொல்றேன்" என்றார் நடத்தியவர். கடைசியில் சொல்லவே இல்லை. 1959-க்குப் பிறகு சர்ரென்று 1996-க்குத் தாண்டி, ஸ்டாலின் மேயரானார், மேம்பாலங்கள் வந்தன, இப்போது பிரியா மேயர் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். அரசியல் பேச வேண்டாம் என்று தயங்கியிருக்கலாம். ஆனால் இந்த ஊரின் உள்ளாட்சி வரலாற்றில் அதைவிட முக்கியமான பகுதி எது?

1973-இல் மஸ்டர் ரோல் (வேலையாட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் புகார் எழுந்து, மாநில அரசு மன்றத்தைக் கலைத்தது. வேலைக்கு வராத ஆட்கள் பெயரில் சம்பளம் எடுக்கப்பட்டது என்பது புகார். சரி, விசாரித்துத் தண்டித்துவிட்டு அடுத்த தேர்தலை நடத்தியிருக்க வேண்டும். நடத்தவில்லை. 1996 வரை, 23 வருஷம், சென்னையில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள், போனார்கள். அந்த 23 வருஷத்தில்தான் ஊர் வீங்கியது, ஏரிகள் மனைகள் ஆயின. 1978-இல் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சி கையிலிருந்து குடிநீர் வாரியத்துக்குப் போனது. பூண்டிக்காகப் போராடிய ஒரு மன்றம், தண்ணீரைப் பற்றிப் பேசவே உரிமை இல்லாததாக ஆனது, அதை எதிர்த்துக் கேட்கவும் அப்போது உள்ளே ஆள் இல்லை.

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. 1996-இல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள், முதல் முறையாக. 2002-இல் சட்டமன்ற உறுப்பினரே மேயராகவும் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்து ஸ்டாலின் பதவியை விட்டார். 2006-இல் மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் முறை திரும்பியது, மா. சுப்பிரமணியன் வந்தார். 2011-இல் மறுபடி நேரடித் தேர்தல், சைதை துரைசாமி. ஆட்சிக்கு ஆட்சி விதியை மாற்றிக்கொண்டே இருந்தால் மேயர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே குழம்பிவிடுகிறது. அதே 2011-இல்தான் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகி, வார்டுகள் 155-இலிருந்து 200 ஆயின. புதிதாகச் சேர்ந்த பகுதி மக்கள் ஒரே ஒரு முறை கவுன்சிலரைப் பார்த்தார்கள். 2016 அக்டோபரில் காலம் முடிந்தது, தேர்தல் அறிவிப்பை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். கொரோனா காலம் முழுக்க இந்த ஊருக்குக் கவுன்சிலர்கள் இல்லை. எந்தத் தெருவில் யாருக்குச் சாப்பாடு போகவில்லை என்று கேட்டு வர வேண்டிய 200 பேர், அந்த நேரத்தில் இல்லை.

2022 மார்ச்சில் பிரியா மேயரானார், 28 வயதில், இந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண். மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு. இது பெரிய மாற்றம், நடையில் இதற்கு ஒரு வாக்கியம்தான் கிடைத்தது.

பெரியவர் கேட்ட கேள்விக்கு நான் படித்த வரையில் பதில் இது. நிர்வாக அதிகாரம் ஆணையரிடம், அதாவது மாநில அரசு நியமிக்கும் ஐஏஎஸ் அதிகாரியிடம் இருக்கிறது. மன்றக் கூட்டத்தை நடத்துவது மேயர், தீர்மானம் போடுவது மன்றம், பட்ஜெட்டை ஏற்பதும் மன்றம். ஆனால் கையெழுத்துப் போட்டு வேலையை நடத்துவது ஆணையர். இந்த அமைப்பு 1919 சட்டத்தில் வந்தது. அந்தச் சட்டம் 2023 வரைக்கும் சென்னையில் நடைமுறையில் இருந்தது, பிறகு 1998-ஆம் வருஷத்து நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் வந்தும் இந்த அடிப்படை மாறவில்லை. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஹிக்கின்சனுக்கு முக்கால் மணி நேரம் கொடுக்க முடிந்தவர்கள் இதற்கு ஐந்து நிமிடம் கொடுக்கலாமே.

மற்றபடி நடைமுறை விஷயங்கள். கோட்டைக்குள் நுழைய அடையாள அட்டை வேண்டும், சோதனை உண்டு, பெரிய பை வேண்டாம். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிடுகிறது. கழிப்பறை வசதி பற்றி முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வழியில் சிரமம். முட்டி வலி இருக்கிறவர்கள் கோட்டையையும் ரிப்பன் மாளிகையையும் மட்டும் பார்த்துவிட்டு நடுவில் ஆட்டோ பிடிக்கலாம், ஏற்பாட்டாளர்களிடம் சொன்னால் அனுமதிக்கிறார்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இது அலுக்கும். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், பாடப் புத்தகத்தில் உள்ளாட்சி என்று ஒரு பாடம் வருகிறது, அதைவிட இது பல மடங்கு நன்றாகப் பதியும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். 1973-க்குப் பிறகான கதையையும் சேர்த்து, குழுவைப் பன்னிரண்டு பேராகக் குறைத்தால் நாலரை. போகிறவர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் அந்தப் பெரியவரின் கேள்வியை மறுபடி கேட்டுப் பாருங்கள், நாலு பேர் கேட்டால் அடுத்த நடையில் சேர்த்துவிடுவார்கள்.